இரண்டு திறப்புகள்

ஃபேனைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது, நீங்கள் வாக்குமூலம் எழுதுகிற தாள் பறக்கிறது. என் பெயர் தில்லைநாதன். வெள்ளவத்தையிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலுமாகக் கொட்டாஞ்சேனைக்கு வந்து இருபத்தாறு வருஷமாகத் தமிழ் படிப்பிக்கிறேன். ஒருநாளும் பிந்தி வந்ததில்லை.

துஷ்யந்தி ரீச்சர் போன வருஷம் ஹற்றனிலிருந்து மாற்றலாகி வந்தார். நல்ல மனுஷி. வந்த மாதமே எட்டாம் வகுப்பில் மேசைகளை வட்டமாகப் போட்டார். பிள்ளைகள் தாங்களே கேட்டு, தங்களுக்குள் கதைத்துப் படிக்க வேண்டுமாம். ஆசிரியர்கள் ஒருவர் பாடத்தை ஒருவர் பார்த்துக் குறிப்பெழுத வேண்டுமாம். பாடசாலை அதிபர் ரபீக்காவுக்கு இது பிடித்துப்போயிற்று. நானும் ஒத்துழைத்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு புதன்கிழமை துஷ்யந்தி ரீச்சர் என் வகுப்பின் கடைசி வாங்கில் வந்து உட்கார்ந்தார். பிறகு எல்லா ஆசிரியர்களுக்கும் முன்னால் குறிப்பை வாசித்தார்.

"சேர், பாடம் நல்லாதான் இருந்திச்சு. ஆனா நாப்பது நிமிசத்துல ஒரு புள்ளகூட வாயத் தொறக்கல."

"அதுக்குப் பேர் ஒழுங்கு," என்றேன்.

"பயந்தாலும் அப்பிடித்தான் இருப்பாங்க சேர்."

மெதுவாகத்தான் சொன்னார். இளம் ஆசிரியர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் ஒன்றும் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் பெட்டி வந்தது. வாய்விட்டுக் கேட்கப் பயப்படுகிறதைப் பிள்ளைகள் பெயரில்லாமல் எழுதிப் போடலாம். வேறு யாருக்கும் போகாது என்று ரீச்சர் வாக்குக் கொடுத்தார். பூட்டு ஒன்று, அதற்குத் திறப்பு இரண்டு: ஒன்று அவரிடம், மற்றது என்னிடம். வெள்ளிக்கிழமைகளில் இருவருமாகத் திறப்போம்.

ஒரு வியாழக்கிழமை நான் தனியாகத் திறந்தேன். ஒரு காகிதத் துண்டில், "வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறது. அப்பா பெல்ட்டால் அடிக்கிறார், அழுதாலும் விடமாட்டார். யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்றிருந்தது. பெயர் இல்லை. தேவையும் இல்லை. அனிஷ்டாவின் கொப்பிகளை மூன்று வருஷம் திருத்தியிருக்கிறேன். அவளுடைய ழகரத்தின் வால் மட்டும் இடப்பக்கம் வளையும். ஒரு பிள்ளையைத் தெரிந்துவைத்திருப்பது என்றால் இதுதான்.

அவளுடைய தகப்பன் பேர்னாட், பெற்றோர் சங்கச் செயலாளர். அன்று பின்னேரம் கூட்டத்துக்கு வந்திருந்தார். அவர் புறப்படும்போது வாசலில் வைத்துத் துண்டைக் கையில் கொடுத்தேன்.

"இதென்ன சேர்?"

"புதுமுறைப் படிப்பு. உங்கட மகள் எழுதினது."

இரண்டு தரம் வாசித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

என்ன நடக்கும் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். ஓம், தெரியும். எனக்கும் வாசிக்கத் தெரியும்தானே. ஏதாவது நடந்தால்தான் பெட்டியை எடுப்பார்கள் என்று நினைத்தேன். எடுத்தார்கள்.

அனிஷ்டா பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். படியில் விழுந்துவிட்டாள் என்று தகப்பன் சொன்னார். இடக்காது இனிக் கேட்காது. அப்பாவின் கையில் தன் துண்டைக் கண்டதாக அனிஷ்டா சொல்லியிருந்தாள். அது எப்படி வெளியே போனது என்று அதிபர் விசாரித்தபோது, "திறப்பு என்னட்ட மட்டும் இல்ல, மேடம்" என்றேன். அதில் பொய் இல்லை. தான்தான் பெட்டியைப் பூட்டாமல் விட்டேனோ என்று துஷ்யந்தி ரீச்சர் அழுதார். நான்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அவரை இடைநிறுத்தினார்கள். அவருடைய வகுப்பையும் நானே பாரமெடுத்தேன்.

போன கிழமை பேர்னாட் பொலிஸில் என் பெயரைச் சொல்லியிராவிட்டால் நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள். சரி, எழுதுங்கள். துண்டைக் கொடுத்தது நான். தெரிந்தே கொடுத்தேன்.

ஆனால் போகமுன் வகுப்பையும் ஒருக்கால் வந்து பாருங்கள். மேசைகள் வரிசையாக இருக்கின்றன. அனிஷ்டா இப்போது சித்தி வீட்டிலிருந்து வருகிறாள். முன்வாங்கில் உட்கார்ந்து, வலக்காதை என் பக்கம் திருப்பி வைத்தபடி, பாடம் முடியும்வரை அசையமாட்டாள். இவ்வளவு கவனமாகக் கேட்கிற பிள்ளையை நான் இதுவரை கண்டதில்லை.