குருசடி விலக்குக்கு ஒரு டிக்கெட்

இல்லக்கா, சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. நான் குருசடி விலக்குன்னுதான் கேட்டேன், கண்டக்டரு பாட்டுக்கு வேம்பாருக்கு டிக்கெட்ட அடிச்சுக் குடுக்காரு. மாத்திக் குடுங்கன்னா என் மொகத்தையே பாத்துக்கிட்டு நிக்காரு. கடைசியில மாத்திக் குடுத்துட்டாருல்லா, போகட்டும். நீங்க ஜன்னல் பக்கமே இருங்க. எனக்கு இந்த ஓரந்தான் வசதி, எறங்கணும்லா.

நீங்க எதுவரைக்கும்? சாயல்குடியா? அப்போ நல்ல தூரம்.

இந்தக் கவரா? எலக்சன் டூட்டி ஆர்டருக்கா. நேத்துதான் கையில குடுத்தாங்க. மில்லர்புரத்துல டீச்சரா இருக்கேன், பேரு ஜெபசுதா, சொந்த ஊரு நாசரேத்து. இருபத்தாறு வருச சர்வீசுல எட்டு எலக்சன் பாத்தாச்சு. கடைசி மூணும் பிரிசைடிங் ஆபீசரு. அந்தப் பூத்துக்குள்ள என்ன நடந்தாலும் நாந்தான் பதில் சொல்லணும்.

உங்க ஊரு பூத்துல அடிச்சிட்டாங்களா? போலீசா? அது தப்புக்கா. போலீஸக் கூப்பிடுதது கடைசியிலதான். உள்ள ஒருத்தன அடிச்சா வெளிய வரிசையில நிக்க நூறு பேரும் தகராறுக்கு வந்துருவாங்க. நான் ஒரு தடவகூடக் கூப்பிட்டதில்ல. குடிச்சிட்டு வாரான்னு வைங்க, வாங்க அண்ணாச்சின்னு நாற்காலியப் போட்டு ஒரு சொம்பு தண்ணி குடுத்தா அவனுக்கே வெக்கம் வந்துரும். என் பேரு இல்லன்னு குதிக்கவங்கிட்ட ஒரு லிஸ்ட்டக் குடுத்து, நீங்களே தேடுங்கன்னு ஒக்கார வச்சிருவேன். பத்தாவது பக்கத்துல அலுத்துப்போயி எந்திரிச்சுப் போயிருவான். சத்தம் போடுதவங்களக் கண்டு எனக்கு என்னைக்கும் பயம் கெடையாது.

ஒரே ஒரு பொம்பளகிட்டதான் நான் தோத்துப்போனேன். அதையும் அன்னைக்கு ஜெயிச்சதாத்தான் நெனச்சேன்.

சொல்லுதேன், விலக்கு வர இன்னும் நேரம் கெடக்கு. போன பார்லிமெண்ட் எலக்சன். நான் எறங்கப்போற விலக்குல மெயின் ரோட்டோரமா ஒரு சிலுவக் குருசடி இருக்கும், அங்கருந்து உள்ள போனா கடக்கரையில ஒரு சின்ன ஊரு. நூத்திச்சொச்சம் வீடு, ஒரு கோயிலு, ஒரு பள்ளிக்கூடம். அங்கதான் பூத்து. எனக்குக் கீழ மூணு பேரு. லிஸ்ட்டப் பாத்துப் பேர சத்தமாப் படிக்கவரு ஆவுடையப்பன்னு ஒரு கிளார்க்கு, பாவம் நல்ல மனுசன், முந்தின ராத்திரி பூராவும் கொசுக்கடியில தூங்கல. பேரு படிச்சதும் ஏஜெண்டுங்க அவங்க லிஸ்ட்டுல டிக் அடிச்சிக்கிடுவாங்க, ஆவுடையப்பன் அவரு லிஸ்ட்டுல அந்த ஆளு கட்டத்துல செவப்புப் பேனாவால ஒரு கோடு போடுவாரு. கோடு விழுந்தா ஓட்டுப் போட்டாச்சுன்னு அர்த்தம். அவ்வளவுதான் வேல.

பதினோரு மணி இருக்கும். ஒரு அம்மா வந்தா. அம்பது வயசு, பச்சச் சேல, நேரா வகிடு எடுத்துச் சீவி, மாதா கோயிலுக்குப் போற மாதிரி வந்திருக்கா. செபஸ்தியம்மான்னு ஆவுடையப்பன் படிச்சாரு. அவ உடனே குனிஞ்சு லிஸ்ட்டப் பாக்கா. பொறவுதான் எனக்குத் தெரியும், ஒவ்வொரு எலக்சனுக்கும் அவ அப்படித்தானாம். அவ கட்டத்துக்குப் பக்கத்துக் கட்டத்துல அவ புருசன் போட்டோ இருக்கும். அத ஒரு பார்வ பாத்துட்டுத்தான் போவாளாம்.

புருசன் பேரு சந்தியாகு. வள்ளத்துல மூணு பேராப் போனாங்களாம். ரெண்டு பேரு ஒடம்பு கரைக்கு வந்துட்டு, இவரு மட்டும் வரல. அன்னைக்கே ஆறு வருசம் ஆயிருந்துது. பேர எடுக்க வந்தவங்களையெல்லாம் அவ வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கா, அதனால லிஸ்ட்டுல அப்படியே கெடக்கு.

அந்தப் போட்டோவுக்குக் கீழ செவப்புக் கோடு விழுந்திருந்துது.

அவ வெரல வச்சு அந்தக் கோட்டத் தொட்டுப் பாத்தா. பொறவு மெதுவா, அவரு வந்தாரான்னு கேட்டா. ஆவுடையப்பன் வேற நெனப்புல, கோடு இருந்தா வந்திருப்பாரும்மா, தள்ளுங்கன்னு சொல்லிட்டாரு. அந்த ஒரு வார்த்ததான். நேரா ஓட்டுப் போடுத அட்டை மறைப்புக்குள்ள ஓடுதா. அங்க ஒரு பையன் ஓட்டுப் போட்டுக்கிட்டு நிக்கான், அவன் சட்டையப் பிடிச்சு மொகத்தத் திருப்பிப் பாக்கா. அங்கருந்து பின் கதவு, அங்கருந்து வரிசையில நிக்க ஒவ்வொரு ஆம்பள மொகமா. மறுபடி உள்ள வந்து மேசக் காலப் பிடிச்சுக்கிட்டுத் தரையில ஒக்காந்துட்டா. எங்க போனாரு, எந்தப் பக்கம் போனாருன்னு சொல்லுங்க, சொல்லாம எந்திரிக்க மாட்டேன்னு ஒரே பிடி.

ஓட்டு நின்னு போச்சு. வெயிலு ஏறுது, வெளிய ஏச்சுப்பேச்சு கெளம்பிட்டு. ஏஜெண்டு ஒருத்தன் எந்திரிச்சு, செத்த ஆளு பேருல கள்ள ஓட்டு விழுந்திருக்கு, பூத்த நிப்பாட்டுங்கன்னு ஆரம்பிச்சான். போலீஸ்காரப் பையன் வாசல்ல வந்து, மேடம் தூக்கிரவான்னு கேக்கான். நான் வேண்டாம்னுட்டேன்.

நான் ரெஜிஸ்தரப் பொரட்டுனேன். அதுல கையெழுத்தோ கைநாட்டோ வைக்காம யாரும் ஓட்டுப் போட முடியாதுக்கா. சந்தியாகு நம்பரே அதுல இல்ல. அவருக்கு அந்தப் பக்கத்துக் கட்டத்துக்காரரு, அடுத்த வீடு, அவரு காலையில எட்டர மணிக்கே கைநாட்டு வச்சுப் போட்டுட்டுப் போயிருக்காரு. அவரு கட்டத்துல கோடு இல்ல. தூக்கக் கலக்கத்துல ஆவுடையப்பன் ஒரு கட்டம் தள்ளிக் கோடு போட்டுட்டாரு. கள்ள ஓட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒரு கை தவறு.

அத அங்கனயே நான் சத்தமாச் சொல்லியிருக்கணும். சொன்னா என்ன ஆவும்? இது ஒண்ணு தப்புன்னா இன்னும் எத்தன தப்புன்னு நாலு ஏஜெண்டும் குதிப்பான். மேல எழுதிக் குடுக்கணும், விசாரண வரும், எனக்கு மெமோ வரும். சர்வீசுல ஒரு கறை கெடையாதுக்கா எனக்கு. அதனால, நீ வாம்மா, தனியாச் சொல்லுதேன்னு அவ கையப் பிடிச்சு எந்திரிக்க வச்சு, பின்னால பூவரச மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போனேன். உண்மையச் சொல்லத்தான் கூட்டிட்டுப் போனேன். சத்தியமா.

அவ அழல. என் கைய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, டீச்சர், நல்லா இருந்தாரான்னு கேட்டா.

இருந்தாருன்னு சொல்லிட்டேன்.

வாயில இருந்து வந்துட்டுக்கா. மெலிஞ்சிட்டாரான்னா. கொஞ்சம்னேன். என்ன சட்டன்னா. எதுத்த செவத்துல ஒரு சைக்கிளு சாத்தியிருந்துது, நீல சைக்கிளு. நீலச் சட்டன்னேன். எந்தப் பக்கம் போனாருன்னா. பஸ்ஸு ரோட்டுப் பக்கம்னு கையக் காட்டுனேன். என் கையில முத்தம் குடுத்தா. கண்ணத் தொடச்சுக்கிட்டு உள்ள வந்து, வெரலுல மை வச்சு, ஓட்டப் போட்டுட்டு, எல்லாத்தையும் பாத்துக் கும்பிட்டுட்டு நடந்து போறா. மொத்தம் இருவது நிமிசம். வரிசை மறுபடி நவுர ஆரம்பிச்சுட்டு. ஆவுடையப்பன் வந்து, மேடம், எப்படி மேடம் சமாளிச்சீங்கங்காரு. நானும் சிரிச்சேன்.

எரக்கத்துல சொன்னேன்னு ரொம்ப நாளு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். எரக்கம் இல்லக்கா. எனக்கு லைனு நகரணும், பேரு கெடக் கூடாது.

என்னக்கா கேட்டீங்க? யாரு, முன்னால மூணாவது சீட்டுல இருக்கவரா? தெரியாது. இல்ல, நான் அடிக்கடி பாக்கத்தான் செய்யுதேன். நீலச் சட்ட போட்டிருக்காரு. வேற ஒண்ணுமில்ல. இப்போல்லாம் நீலச் சட்டையக் கண்டா எனக்கு மொகத்தப் பாக்காம இருக்க முடியல. மார்க்கெட்டுல, ஆஸ்பத்திரியில, ஜெபக்கூட்டத்துல. வீட்டுல சோறு வடிக்கும்போது பின்னால நிக்க மாதிரி இருக்கும். கடல்ல போனவரு எப்படி இருப்பாருன்னு எனக்குத் தெரியாது. என் பின்னால வாரது நான் மரத்தடியில சொல்லி உண்டாக்குன ஆளு. மெலிஞ்சு, நீலச் சட்டையில. அவருக்கு மொகம் மட்டும் கெடையாது.

அந்தச் சந்தியாகு மகதான் என்னத் தேடி வந்தா. போன ஆகஸ்ட்ல, பள்ளிக்கூட வாசலுக்கே. ஜாய்னு பேரு, இருபத்தேழு வயசு. நர்ஸ் வேல பாக்கா. டீச்சர், எங்கம்மாட்ட அப்பாவப் பாத்ததாச் சொன்னது நீங்கதானான்னு கேட்டா. கோவப்பட்டுக் கேட்டிருந்தாகூட நல்லா இருந்திருக்கும். அவ அம்மா தெனமும் விலக்குல வந்து நிக்காளாம், காலையில வந்தா கடைசி பஸ்ஸு வரைக்கும். கல்லறைத் திருநாளுக்கு அவருக்குப் பூச வைக்கலாம்னு சொன்ன சாமியார, உசுரோட இருக்க மனுசனுக்கா பூசன்னு கோயில்லயே ஏசிட்டாளாம். ஊருல யாரு சொன்னாலும், டீச்சரு பாத்தாங்க, டீச்சரு பொய் சொல்லுவாங்களான்னு ஒரே பதிலாம்.

ஜாய்க்குக் கல்யாணம் பேசி ரெண்டு வருசமாச்சு. அப்பா வந்து இவ கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாத்தான் கோயிலுக்குள்ள வருவேன்னு அம்மாக்காரி ரெண்டு தடவ தேதியத் தள்ளிட்டா. அந்தப் பையன் பொறுமசாலிதான், ஆனா அவன் வீட்டுல ஈஸ்டர் வரைக்கும் பாப்போம், அதுக்கு மேல வேற எடம் பாக்கோம்னு சொல்லிட்டாங்களாம். நீங்க வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சர், நீங்க சொன்னாத்தான் நம்புவாங்கன்னு சொல்லிட்டு, என் காலத் தொட வந்தா. நான் வாரேன் மக்கா, ரெண்டாம் சனிக்கிழமை லீவு, கண்டிப்பா வாரேன்னு சொல்லி அனுப்புனேன்.

ஆமாக்கா, அதுக்குத்தான் போறேன். என்ன சொல்லணும்னு எல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன். அம்மா, நான் பாக்கல. யாரும் வரல. கோடு தப்பா விழுந்துட்டு, நான் பொய் சொல்லிட்டேன். நாலு வரிதான. வீட்டுல சொல்லிப் பாத்துட்டேன், தடங்கல் இல்லாம வருது. அவ என்னைய அடிச்சாலும் வாங்கிக்கிடுவேன். அடிக்க மாட்டா, அதான் எனக்குப் பயம். நல்லா இருந்தாரான்னு கேட்ட வாயால என்ன கேப்பாளோ.

வெளிய உப்பளம் வந்துட்டா? அப்போ அடுத்தது விலக்குதான். பையக் கொஞ்சம் எடுங்கக்கா.

அந்தா, குருசடிப் படியில ஒக்காந்திருக்கால்லா, பச்சச் சேல. அவதான். பஸ்ஸு நிக்கும் முந்தியே எந்திரிச்சுட்டா. ஒவ்வொரு ஜன்னலாப் பாத்துக்கிட்டு வாரா. நம்ம ஜன்னலையும் பாத்துட்டா. என்னைய அடையாளம் தெரியல. பொம்பளைங்கள அவ பாக்க மாட்டா.

நீலச் சட்டைக்காரரு இங்கன எறங்குதாரா? ஆண்டவரே.

பாத்துட்டா. ஓடுதா பாருங்க, செருப்பு ஒண்ணு கழண்டுட்டு. பக்கத்துல போயிட்டா. மொகத்தப் பாக்கா. அவரு என்னம்மான்னு கேக்காரு போல. ஒண்ணுமில்லன்னு தலைய ஆட்டுதா. திரும்பிட்டா. செருப்ப எடுத்து மாட்டுதா.

கண்டக்டரு விசிலு குடுத்துட்டாரு.

இல்லக்கா, நிப்பாட்டச் சொல்லாதீங்க. வேண்டாம், கைய எடுங்க. பஸ்ஸு போகட்டும்.

கண்டக்டரு மேல தப்பில்லக்கா. ஆகஸ்ட்ல இருந்து எட்டு ரெண்டாம் சனிக்கிழமையா இதே பஸ்ஸுலதான் வாரேன். இந்த விலக்குக்குத்தான் டிக்கெட் எடுப்பேன். ஒரு தடவகூட எறங்குனதில்ல, பொறவு வேம்பாருக்கு இன்னொரு டிக்கெட் எடுப்பேன். அதான் அவரு இன்னைக்கு மொதல்லயே அதுக்கு அடிச்சுக் குடுத்தாரு.

ஈஸ்டருக்கு எத்தன நாளுன்னா கேட்டீங்க? இன்னும் மூணு வாரம் இருக்கு. அடுத்த ரெண்டாம் சனி அதுக்கு அப்புறந்தான் வருது.

தம்பி, வேம்பாருக்கு ஒண்ணு குடுங்க.