மூணு பன்னெண்டு

ராத்திரி மணி ரெண்டே முக்கால். தண்ணி டாங்கைத் தாண்டினா ஒரு வளைவு... அங்கேருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. அந்த ரோட்டுல ஒரு வேன் நிக்குது. இன்ஜின் ஓடிட்டிருக்கு. டிரைவர் பக்கத்துக் கதவு ஆன்னு திறந்து கெடக்கு. உள்ள ஆளில்ல.

ஆளு எங்கேன்னா... சொல்றேன். முதல்ல அந்தப் பாட்டை நிறுத்துங்கடா. ஒரு மணி நேரமா ஆளாளுக்கு "இதைக் கேளு, அதைக் கேளு"ன்னு ஸ்பீக்கரைப் பிடுங்கிட்டு இருக்கீங்க. இப்ப இதைக் கேளுங்க. கிட்ட வாங்க. கதவுப் பக்கம் யாரும் முதுகைக் காட்டி உக்கார வேணாம்.

இது என்கூட வேலை பாக்கறவளோட சித்தப்பாவுக்கு நடந்தது. நாமளும் சித்தப்பான்னே வெச்சுக்குவோம். ஆஸ்பத்திரித் துணியெல்லாம் வெளுத்துக் குடுக்கற பெரிய சலவைக்கூடத்துல அவர் வேன் டிரைவர். அழுக்கு மூட்டையை எடுத்துட்டு வரணும், வெளுத்த மூட்டையைக் கொண்டுபோய்ப் போடணும். வேன் முழுக்க பிளீச்சிங் வாசனையும் சூடான துணி வாசனையும். பொண்டாட்டி, அவர் சட்டையைத் தனியாத்தான் துவைப்பாங்களாம்.

அங்க மெஷின் ஓட்டறவன் ஒருத்தன். பேரு என்னவோ... எல்லாருக்கும் அவன் ரேடியோ. எங்கேருந்துதான் பிடிப்பானோ, யாருமே கேட்டிருக்காத பாட்டாத் தேடிப் பிடிச்சுட்டு வருவான். புரியாத பாஷையில ஒண்ணு, வெறும் தபலா மட்டும் ஒண்ணு, பாதியில நின்னுபோன ஒண்ணு. தினம் ஷிப்ட் முடியறப்ப சித்தப்பாவோட போனுக்கு ஒரு பாட்டு வந்துடும். பதினோரு வருஷமா.

அதுல ஒரு சட்டம் வெச்சிருந்தாங்க. நல்லாருக்கு, நல்லால்லன்னு சொல்லக் கூடாது. அது யார் வேணா சொல்லுவாங்க. முழுசாக் கேட்டுட்டு, மனசு எந்த இடத்துல நின்னுச்சோ அந்த நிமிஷத்தை மட்டும் எழுதணும். "ரெண்டு நாப்பது." "நாலு அஞ்சு." அவ்ளோதான். உடனே ரேடியோ அந்த இடத்தைத் திரும்பப் போட்டுக் கேட்பான். கேட்டுட்டு வேன் ஜன்னல்கிட்ட ஓடி வருவான். "ஆமாடா! அங்கதான்!"

நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. அப்புறம் சித்தப்பா புதுப் போன் ஒண்ணு வாங்கினாரு. அதுல குட்டிக் குட்டி வீடியோ. பெருவிரல் தேஞ்சுபோற அளவுக்குத் தள்ளிட்டே இருக்கறது. ரேடியோவோட பாட்டை முழுசாக் கேக்கப் பொறுமை இல்ல. ஒரு நாள் கேக்காமலே வாய்க்கு வந்த நிமிஷத்தை எழுதி அனுப்பினாரு. மாட்டிப்போம்னு நெனச்சாரு.

"ஆமாடா! அங்கதான்!"னு ஓடி வந்தான்.

அங்கதான் வெனை. எந்த நிமிஷத்தைச் சொன்னாலும் ரேடியோ அங்க ஏதோ ஒரு அழகைக் கண்டுபிடிச்சுடுவான். ஒரு மூச்சு, ஒரு இடைவெளி, பின்னாடி யாரோ நாற்காலியை நகர்த்தற சத்தம்... ஏதாவது. சித்தப்பா சொன்னா அங்க இருக்கும்னு அவ்ளோ நம்பிக்கை. சித்தப்பாவுக்குக் கொஞ்சம் உறுத்துச்சு. ஆனா பழகிப் போச்சு. ஒரு வருஷம் அப்படியே ஓட்டிட்டாரு.

ஒரு ராத்திரி, மூட்டை ஏத்திட்டு இருக்கறப்ப பாட்டு வந்துச்சு. பேர் இல்ல, ஊர் இல்ல, வெறும் பாட்டு. சித்தப்பா திறக்கவே இல்ல. ஒரு கையில மூட்டை, இன்னொரு கையால எழுதினாரு. "மூணு பன்னெண்டு. அங்கதான்டா உசுரே இருக்கு."

பதில் வர்றதுக்குள்ள ரெண்டு மூட்டை ஏத்திட்டாரு. அப்புறம் வந்துச்சு. "மூணு பன்னெண்டா?"

இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு... "இரு. திரும்பக் கேக்கறேன்."

சித்தப்பா சிரிச்சுட்டுப் போனைப் பையில போட்டுட்டாரு.

ரேடியோ ரெண்டு காதுலயும் இயர்போனை மாட்டிட்டு பைக்கை எடுத்திருக்கான். தண்ணி டாங்க் வளைவுல லாரி. மணி ரெண்டே முக்கால். லாரிக்காரர் தலையில அடிச்சுட்டு அழுதாராம். "மூணு தடவை ஹாரன் அடிச்சேங்க... மூணு தடவை... அந்தத் தம்பி திரும்பவே இல்ல." போன் சுக்குநூறாக் கெடந்துச்சு.

அடக்கம் முடிஞ்சு எல்லாரும் கலைஞ்ச பிறகு ரேடியோவோட சம்சாரம் சித்தப்பாகிட்ட வந்து நின்னாங்க.

"அண்ணா, அவரு பாடினதைக் கேட்டீங்களா?"

"என்னதும்மா?"

"மூணு மாசமா மெஷின் ரூம்ல உக்காந்து ஒரு பாட்டுக் கட்டினாருண்ணா. அவரே பாடினது. தன் பாட்டுன்னு சொன்னா நீங்க மனசு நோகாமப் பேசுவீங்களாம். அதான் சொல்லாம அனுப்பறேன்னாரு. நீங்க ஒருத்தர்தான் உண்மையைச் சொல்லுவீங்கன்னாரு."

சித்தப்பா சட்டைப் பையில இருந்த போனைத் தொட்டுப் பாத்தாரு.

"எந்த நிமிஷம்ணா சொன்னீங்க?"

வாய் தானா சொல்லிடுச்சு. "மூணு பன்னெண்டும்மா."

அவங்க கண்ணைத் தொடச்சுட்டு நிமிந்து பாத்தாங்க. "அவ்ளோ நீளமாவா பாடினாரு?"

வீட்டுக்கு வந்து கழிவறைக்குள்ள பூட்டிக்கிட்டுத்தான் போனைத் திறந்தாரு. பாட்டோட மொத்த நீளம், ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட்.

புரியுதா? மூணு பன்னெண்டுன்னு ஒரு இடமே அந்தப் பாட்டுல இல்ல. பாடினவனுக்கு அது தெரியாதா? ஆனாலும் சித்தப்பா பொய் சொல்லுவாருன்னு அவனுக்குத் தோணவே இல்ல. எங்கேயோ இருக்கு, நமக்குத்தான் கேக்கலன்னு... தேடிட்டே போயிருக்கான்.

சித்தப்பா பாட்டை அழுத்தினாரு. மெஷின் சத்தம். தொம்... தொம்... ரேடியோ தொண்டையைச் செருமினான். அவ்ளோதான், அணைச்சுட்டாரு. அதுக்கு மேல தெம்பு இல்ல. என்னதான் குத்தவாளி மாதிரி உள்ளுக்குள்ள வெந்தாலும், அப்பவும் அந்தப் பாட்டை அவர் கேக்கல.

மூணு வாரம் அந்த ரோட்டுப் பக்கமே போகல. சுத்துவழி. இருபத்திரண்டாம் நாள் சுத்துவழியில குழாய் பதிக்கறோம்னு தோண்டிப் போட்டுட்டாங்க. வேற வழியில்ல... டாங்க் ரோடுதான்.

வளைவு வந்துச்சு. வேன் பிளேயர் தானா எரிஞ்சுச்சு. போன் ஏதாவது சேர்ந்தா ஒரு பொம்பளைக் குரல் சொல்லுமே, அது. சித்தப்பா போன் பையில அணைஞ்சு கெடக்கு.

"ரேடியோவின் போன்... இணைந்தது."

தொம்... தொம்... செருமல். பாட்டு.

குமிழைத் திருகினாரு. நிக்கல. பிடுங்கப் பாத்தாரு. வரல. வேனை நிறுத்திட்டு ஸ்டியரிங்ல தலையைச் சாய்ச்சுட்டாரு. பிளேயர்ல பச்சை எழுத்துல நிமிஷம் ஓடுது. வேற வழியில்லாம அன்னிக்குத்தான் முதல் தடவையா கேட்டாரு.

நல்லாருந்துச்சாம். அதுதான் தாங்கல. ஒண்ணு அஞ்சுல ரேடியோ குரல் உடையுது. உடைஞ்சதும் அவனே லேசாச் சிரிச்சுட்டு, விட்ட இடத்துலேருந்து பாடறான். சித்தப்பா ஓன்னு அழுதுட்டாரு.

"ஒண்ணு அஞ்சுடா... ஒண்ணு அஞ்சுதான்டா. நான் கேக்காமச் சொல்லிட்டேன். மன்னிச்சுடுடா. மூணு பன்னெண்டுல ஒண்ணுமே இல்லடா!"

ரெண்டு பத்து. பாட்டு முடிஞ்சுச்சு.

எண் நிக்கல.

ரெண்டு பதினொண்ணு... ரெண்டு இருபது... இப்ப பாட்டு இல்ல. காத்து. பைக் ஓடற சத்தம். யாரோ ரொம்பக் கவனமா, மூச்சைப் பிடிச்சுட்டுக் கேக்கற மாதிரி ஒரு அமைதி.

ரெண்டு ஐம்பத்தெட்டு. தூரத்துல ஒரு ஹாரன்.

மூணு அஞ்சு. இன்னொண்ணு. கிட்டத்துல.

சித்தப்பா ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டாரு. பொத்தினாலும் கேக்குது.

மூணு பத்து. மூணாவது.

மூணு பதினொண்ணு.

மூணு பன்னெண்டு... சத்தமே இல்ல. இன்ஜின் ஓடிட்டுதான் இருக்கு, அந்தச் சத்தம் கூடக் கேக்கல. பச்சை எண் அப்படியே நிக்குது. வேனுக்குள்ள பிளீச்சிங் வாசனை மூக்கை எரிக்குது. அப்போ, பக்கத்து சீட் ஜன்னல்ல... எப்பவும் மூச்சு வாங்க ஓடி வந்து நிப்பானே, அதே இடத்துல...

"ஆமாடா! அங்கதான்!"

சித்தப்பா டிரைவர் கதவைத் திறந்து போட்டுட்டு இருட்டுல ஓடினவர்தான், ஆஸ்பத்திரி வாசல்ல போய்த்தான் நின்னாரு. கோவமே இல்லயாம் அந்தக் குரல்ல. எப்பவும் போல... அவ்ளோ சந்தோஷமாச் சொன்னானாம்.