பால்ராஜ் வீட்டு எர்த் ஒயர்

தோட்டத்தில் பிளக் பாயின்ட் வைப்பது பெரிய வித்தை இல்லை, ஐயா. இடுப்புக்கு மேல் உயரம் வேண்டும். சாரல் படாதபடி மூடி போட்ட இரும்புப் பெட்டி வேண்டும். முக்கியமாக எர்த் ஒயர். மோட்டாரில் கரண்டு கசிந்தாலும் ஆளைத் தொடாமல் அது மண்ணுக்குள் இறங்கிவிடும். ஆவடியில் ஃபேக்டரி எலக்ட்ரிகல் செக்‌ஷனில் இருந்த எனக்கு இதெல்லாம் கைப்பழக்கம். பெயர் வேம்புலி.

பால்ராஜ் என்னோடு வேலை பார்த்தவன். பட்டாபிராமில் அவனும் மனைவியும் வீடு கட்டி, பின்னால் ரோஜாத் தோட்டம் போட்டிருந்தார்கள். கிணற்று மோட்டாருக்கு ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து ஓட்டினார்கள். வேண்டாமென்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. அவனோ கேண்டீனில் எல்லார் முன்னாலும், "நம்ம வேம்புலி கீறானே, டார்ச் லைட்டக்கூட செருப்பு போட்டுகினுதான் தொடுவான்" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

எண்பத்தெட்டில் அவனே கூப்பிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பெட்டியை மாட்டினேன். அவன் மனைவி ஞானம்மாள் டீ கொண்டுவந்தாள்.

"இன்னா அண்ணே, கோழிக்கூண்டு மாதிரி கீது?"

"பயந்தாங்கொள்ளி கட்டுன கோட்டை இது" என்று பால்ராஜ் விழுந்து விழுந்து சிரித்தான்.

அதற்குச் சற்றுமுன்தான் மோட்டார் மேல் டெஸ்டரை வைத்துப் பார்த்திருந்தேன். விளக்கு எரிந்தது. கசிவு இருந்தது. இனி எர்த் ஒயரை முடுக்குவதுதான் பாக்கி. நான் முடுக்கவில்லை. ஒயரை மடித்துப் பெட்டிக்குள் சொருகி மூடிவிட்டேன். பால்ராஜுக்கு ஒருமுறை சுள்ளென்று அடித்தால் புத்தி வரும் என்று நினைத்தேன். செருப்புக் காலுக்கு அது வெறும் உதறல்தான். பிறகு வந்து இணைத்துவிடுவதாக இருந்தேன்.

மறுநாள் ஃபேக்டரிக்கு ஆள் வந்தது. ஞானம்மாள் வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்று மோட்டாரில் கை வைத்திருக்கிறாள்; அங்கேயே உயிர் போய்விட்டதாம். பால்ராஜும் நானும் ஒரே ரயிலில் போனோம். வழியெல்லாம் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கூடத்தில் சபைக்காரர்கள் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். "இன்னும் யாராவது தொட்ரப் போறாங்க, பாத்துட்டு வரேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனேன். பெட்டியைத் திறந்து எர்த்தை முடுக்கினேன். கை நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது.

பார்க்க வந்த மின்வாரிய அதிகாரி வேலை சுத்தமாக இருக்கிறது என்றார். ஈரக் கையோடு பிளக்கைப் பிடித்திருப்பாள் என்று நான் சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

அன்றிலிருந்து பால்ராஜ் எல்லாரிடமும் அதையே சொல்கிறான். "வேம்புலி ஒழுங்காத்தான் போட்டுக் குடுத்தான். அவதான் அஜாக்கிரத." அப்போது கைக்குழந்தையாக இருந்த மகளையும் அதைச் சொல்லித்தான் வளர்த்தான். போன வாரம் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். தாயைப் பற்றிக் கேட்டபோது, "அம்மாக்கு கவனம் பத்தாது" என்று அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டு மனுஷன் மாதிரி நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை, உங்களிடம் சொல்ல வந்துவிட்டேன்.

அந்த வீட்டில் அப்போது மோட்டார் போடுவது யார் என்றுதானே கேட்கிறீர்கள்? ஞானம்மாள்தான். காலையில் ரயிலுக்கு ஓடுகிற பால்ராஜ் அந்த மோட்டாரை ஒருநாளும் தொட்டதில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும், ஐயா. ஆனால் நான் புத்தி புகட்ட நினைத்தது பால்ராஜுக்குத்தான்.