சுண்டுவிரலும் ஐந்தடித் துப்பாக்கியும்

"ஹலோ... ஹலோ, டெல்மாரா? நான்தான், ஹார்லன்... இல்லப்பா, சனிக்கிழமை கண்காட்சி விஷயம் இல்ல... கேளு. என் சுண்டுவிரல் மாட்டிக்கிச்சு... துப்பாக்கியில... விசையில இல்லடா, குழலுக்குள்ள! வாய்ப்பக்கமா... எந்தத் துப்பாக்கியா? நீ எனக்கு வித்த டார்டன்!... சிரிக்காத... டேய், சிரிக்காதன்னு சொல்றேன்ல!"

ஹார்லன் கல்லர்ஸ் இடக்கையால் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். வலக்கை சமையலறை மேஜைமேல் நீண்டு கிடந்தது. அதன் நுனியில் ஐந்தடி நீளத்துக்கு ஒரு துப்பாக்கி.

வர்ஜீனியாவின் ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் பழைய போர்த்துப்பாக்கி சேர்க்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் ஹார்லனைத் தெரியும். வீட்டில் முப்பத்தொன்று வைத்திருந்தார். முப்பது சுவரில் தொங்கின. டார்டன் மட்டும் படுக்கையறையில், அவர் தலைமாட்டில். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தெற்குப் படைக்காக ஒரு சின்னப் பட்டறை ஒரே ஒரு குளிர்காலம் செய்த துப்பாக்கி அது. உலகத்தில் ஏழுதான் மிச்சம் என்று பேச்சு. பதினொரு வருடத்துக்கு முன் டெல்மார் ரோட்ஸிடமிருந்து அதை வாங்குவதற்காக ஹார்லன் தன் மீன்பிடிப் படகையே விற்றார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்திலிருந்து திரும்பியவர், குழல் வாயில் துரு ஏறியிருக்கிறதா என்று சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்தார். போன விரல் திரும்பி வரவில்லை. மனைவி நெடீன் பன்றிக்கொழுப்பைத் தடவிப் பார்த்தாள், பனிக்கட்டி வைத்துப் பார்த்தாள், காலை வைத்து உதைத்து இழுத்தும் பார்த்தாள். கடைசியில் ஊர்த் தீயணைப்புத் தொண்டர்களைக் கூப்பிட்டாள். தலைவர் வெண்டெல் இரும்பு அறுக்கும் எந்திரத்தோடு வந்து நின்றார். இன்னும் இருபது நிமிஷத்துக்குமேல் போனால் விரலுக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார்.

"துப்பாக்கியைத் தொடாதே. விரலை வெட்டு" என்றார் ஹார்லன்.

வெண்டெல் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டார். நெடீன் போட்ட கூச்சலுக்குப் பிறகு ஒரு சமாதானம் ஏற்பட்டது. டெல்மாரைக் கேட்பது. அசல் என்றால் விரல் போகும். போலி என்றால் துப்பாக்கி போகும். ஹார்லன் எல்லார் முன்னாலும் மார்தட்டி ஒப்புக்கொண்டார். ஆனால் போன் எண்ணை அழுத்துவதற்குள் வலி முழங்கை வரை ஏறிவிட்டது. விரலே போதும் என்று அவர் மனசு மாறிவிட்டது. அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"டெல்மார், ஒரே ஒரு கேள்வி. நல்லா யோசிச்சு சொல்லு. இது அசலா, போலியா?... இரு, இரு, அவசரப்படாத. யோசின்னு சொன்னேன்ல... ஆமா, முத்திரை இருக்கு... ஆமா, ஆமா, அந்தக் கட்டையில செதுக்கின எழுத்தும் இருக்கு... எனக்குத் தெரியும்டா, நான் தினம் பார்க்கிறேன்... உன்னை யாரு சந்தேகப்பட்டா? உன் நேர்மையைப் பத்தி இப்போ பேச்சே இல்ல... உங்க அப்பா பேரை எதுக்குடா இழுக்கிற!"

நெடீன் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வெண்டெல் ஹார்லனின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹார்லன் குரலைத் தாழ்த்தினார்.

"டெல்மார்... இங்க வெண்டெல் இருக்கான். அறுக்கிற எந்திரத்தோட... ஆமா. நீ போலின்னு சொன்னா துப்பாக்கியை அறுப்பான். அசல்னு சொன்னா... ஆமா, விரலை... நான்தான் சொன்னேன்... ஆமா, முட்டாள்தான், ஒத்துக்கிறேன். இப்போ புரியுதா? நான் என்ன கேக்கிறேன்னு புரியுதா?... அசல்தானா? சத்தியமாவா?... பைபிள் மேலயா?... ஐயோ, கடவுளே."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். சுண்டுவிரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

"டேய், தேவாங்கு. விரல் நீலமாயிட்டிருக்கு. நாப்பது வருஷமா ஒண்ணா மான் வேட்டைக்குப் போறோம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் வாயத் திறந்து சொல்லாமலே புரிஞ்சுக்கோயேன்... ஹலோ?... ஹலோ, இருக்கியா?... என்ன?... சத்தமா சொல்லு."

ஹார்லன் முகம் மலர்ந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே தலையைத் திருப்பினார். "போலியாம்! வெண்டெல், போலியாம்! அறு!"

வெண்டெல் எழுந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"நன்றிடா. போதும், போதும், வச்சிடு... சொல்லவேணாம்ப்பா, அதான் போலின்னு சொல்லிட்டியே... மனசுல பாரமா? என்ன பாரம்?... ஆமா, நல்லா சொன்னே, நிஜம் மாதிரியே இருக்கு... எங்க?... உன் மச்சான் கொட்டகையிலயா?... முத்திரையை யாரு குத்தினது?... நீயா?... டெல்மார், விளையாட்டு போதும். அவங்க நம்பிட்டாங்க, நீ நிறுத்தலாம்... பழைய வடக்குப் படைத் துப்பாக்கியா? அதைத் தேய்ச்சா?... முத்திரை பழசாத் தெரியவா?... எதுல புதைச்சே?... வான்கோழி எருவுலயா?... எத்தனை மாசம்?"

எந்திரத்தைக் கிளப்பக் கயிற்றை இழுக்கப் போன வெண்டெல் நிறுத்திக்கொண்டார்.

"ஆறு மாசம்... வான்கோழி எருவுல... டேய்! அந்த வாசனை! அது வெடிமருந்து வாசனைன்னு, நூத்தறுபது வருஷத்து வெடிமருந்துன்னு, தினம் படுக்கப் போறப்ப மோந்து பார்த்தேனேடா! நெடீனை வேற மோந்து பாக்கச் சொன்னேனேடா!... அழாத! நீ எதுக்குடா அழறே? படகை வித்தது நான்!"

அவர் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார். ஐந்தடித் துப்பாக்கியும் கூடவே எழுந்தது. கூரை விளக்கில் இடித்தது. பிறகு 'பொளக்' என்று ஒரு சத்தம். துப்பாக்கி உருளைக்கிழங்கு சாலட் கிண்ணத்தில் போய் விழுந்தது. சுண்டுவிரல், பன்றிக்கொழுப்பு வழிய, கத்திரிக்காய் நிறத்தில், காற்றில் நின்றது.

வெண்டெல் கண்ணாடியைக் கழற்றினார். ஹார்லன் விரலைப் பார்த்தார். சாலட்டில் கிடக்கும் துப்பாக்கியைப் பார்த்தார். அதில் ஒரு கீறல்கூட இல்லை. போனை மெதுவாகக் காதருகே கொண்டுபோனார்.

"டெல்மார்... விரல் வந்துடுச்சு... ஆமா, தானா வந்துடுச்சு... இல்ல, அறுக்கல. துப்பாக்கி முழுசா இருக்கு." குரல் குழைந்தது. "இப்போ சொல்லலாம்ப்பா. விரலைக் காப்பாத்தத்தானே அப்படிச் சொன்னே?... அந்த எரு, மச்சான் கொட்டகை, எல்லாம் நீ கட்டினதுதானே?... ஏன் பேசமாட்டேங்கிற?... எனக்குக் கோபமே இல்லடா. அசல்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்... டெல்மார்?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு 'டொக்' என்றது. இணைப்பு போய்விட்டது.

நெடீன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெண்டெலும் பார்த்துக்கொண்டிருந்தார். ஹார்லன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"அப்படியா?" என்றார், செத்துப்போன போனிடம். "ஆங்... ஆமா, ஆமா... நான்தான் அப்பவே சொன்னேனே... அசல்தான். சந்தேகமே இல்ல. சரி, சரி... வச்சிடறேன்."