இருநூற்று நாற்பது மணி நேரம்

டீயில் ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கிறார்கள், இன்ஸ்பெக்டர். போன வருடத்துக் காய். ஏலச் சந்தை இருக்கிற ஊரில் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து சேர்வது இந்தக் குப்பைதான். பரவாயில்லை, குடிக்கிறேன். உங்கள் ஏட்டய்யாவை எழுதச் சொல்லுங்கள். இருபத்தாறு வருடம் பிள்ளைகளுக்கு நோட்ஸ் சொன்ன வாய் இது, நிதானமாகவே சொல்வேன்.

பெயர் ஜக்கையன். ஊர் சிலமலை. போடி கல்லூரியில் தாவரவியல் துறைத் தலைவர். குரங்கணிக்கு மேலே பாதித் தோட்டங்களில் இன்று நிற்பது 1974-இல் நான் உருவாக்கிய ஏலக்காய் ரகம். கட்டை நோய் அண்டாத ரகம் என்று பெயர் வாங்கியது. அந்த நோய் வந்தால் இலையில் வெளிறிய கோடு விழும், செடி குட்டையாகும், பிறகு காய்க்காது. என் ரகம் வந்தபோது தோட்டக்காரர்கள் மாலையோடு கல்லூரி வாசலில் நின்றார்கள். படிப்பு என்றால் என்னவென்று அறியாத கூட்டம்தான், ஆனாலும் மாலை நல்ல மாலை.

முத்துப்பேச்சி 1979-இல் என்னிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். அப்பன் வேலுச்சாமி மலைத் தோட்டத்தில் கூலி. கூலிகளுக்குக் கட்டிய லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அவளைச் சேர்த்துக்கொண்டது நான்தான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். சரிவில் ஏறி இறங்கி, நோய் விழுந்த செடியை எண்ண எனக்கு ஆள் வேண்டியிருந்தது. எண்ணுவாள், எழுதித் தருவாள், அதன் பொருள் அவளுக்கு எட்டாது என்று நினைத்தேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்களே.

நான்கு வருடம் எண்ணினாள். ஒருநாள் என் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"அய்யா, கோவிச்சுக்கிறாதீங்க. நம்ம ரகமும் கட்டை நோய்ல விழுகுதுங்கய்யா. மத்தது ரெண்டாம் வருசம் விழுந்தா, இது மூணாம் வருசம். அம்புட்டுத்தேன் வித்தியாசம். மேல சனங்க இதை நம்பி, நின்ன செடியெல்லாம் பிடுங்கிட்டு நட்டுருக்காக. வெரசாச் சொல்லிப்புடணும்."

நம்ம ரகமாம்.

கணக்கைச் சரிபார்த்தேன். தப்பில்லை. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் உண்மை யார் வாயிலிருந்து வருகிறது என்று ஒன்று இருக்கிறதல்லவா?

பல்கலைக்கழகத்தில் ஒரு விதி உண்டு. உயிரியலில் முனைவர் பட்டம் வேண்டுபவர், ஆய்வேட்டைக் கொடுக்குமுன், இளங்கலைப் பிள்ளைகளுக்கு இருநூற்று நாற்பது மணி நேரம் செய்முறை வகுப்பு எடுத்திருக்க வேண்டும். எடுத்ததாக நெறியாளர் கையெழுத்திட வேண்டும். எந்த வேலையற்றவன் போட்ட விதியோ. அவளுக்கு முன்னால் என்னிடம் படித்த மூன்று பேர் ஆய்வுக்கூட வாசலைக்கூட மிதித்ததில்லை. முதல் நாளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள். இவள் விஷயத்தில் விதியை விதியாகப் பார்த்தேன்.

கரண்டு போன வகுப்பைக் கழித்தேன். மழைக்குப் பாதிப் பேர் வராத வகுப்பைக் கழித்தேன். தேவாரம் பக்கம் யானை இறங்கி, அங்கிருந்து வரும் பிள்ளைகள் நின்றுபோன நாளையும் கழித்தேன். ஒவ்வொரு தடவையும், "சரிங்கய்யா, திரும்ப எடுத்துர்றேன்" என்பாள். ஒரு தடவையாவது அழுதிருந்தால் நான் இளகியிருப்பேனோ என்னவோ. அவள் எடுத்தாள். ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

இதில் வேடிக்கை, பிள்ளைகளுக்கு அவளைப் பிடித்துவிட்டது. எங்கள் ஆய்வுக்கூட அட்டெண்டர் மொக்கச்சாமி என்னிடமே வந்து சொன்னான்: "அந்தப் பிள்ள பாடம் எடுத்தா எனக்கே வெளங்குது சார்." அவனுக்கே விளங்குகிற தாவரவியல் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று பாருங்கள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. மலைக்காரப் பழக்கம். காய்ந்த ஏலக்காயைக் கையில் கொடுத்தால் கண்ணால் பார்க்க மாட்டாள். பல்லால் உடைத்து, விதையை மென்று முழுங்கி, எந்தச் சரிவில் விளைந்தது, எத்தனை மாதம் ஆனது என்று சொல்வாள். காய் பொறுக்கும் பொம்பளைகள் எல்லாரும் அப்படித்தான். பிள்ளைகளையும் கடிக்கப் பழக்கினாள். ஆய்வுக்கூடத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று இரண்டு முறை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். நகல் இருக்கிறது.

இந்த ஜனவரியில் இருநூற்று முப்பத்தேழு மணி நேரம் முடிந்தது. எவ்வளவு தேடினாலும் இனிக் கழிக்க இடமில்லை. மிச்சம் ஒரே ஒரு வகுப்பு, மூன்று மணி நேரம். அதை நான் நேரில் உட்கார்ந்து மதிப்பிட வேண்டும். மறுநாள் அவள் ஆய்வேடு, அந்தக் கணக்கோடு, மதுரைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும்.

உலர்த்திய செடிகளைப் பூச்சி அரிக்காமல் இருக்க நாங்கள் பாதரச மருந்து பூசுவோம். கொடிய விஷம். அலமாரிச் சாவி என்னிடம்தான். அந்த மருந்தில் ஏலக்காய்களை ஊறவைத்து நிழலில் உலர்த்தினேன். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஸ்பாட்டர் மேசையில் ஏழாம் எண் தட்டில் வைத்தேன். ஸ்பாட்டர் என்றால், பெயர்ச்சீட்டு இல்லாமல் எண் மட்டும் போட்டு வைக்கும் மாதிரி. என்னவென்று மாணவன்தான் சொல்ல வேண்டும். ஆகவே நான் சீட்டு வைக்காததில் முறைகேடு எதுவும் இல்லை.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவள் புதுச் சேலை கட்டியிருந்தாள். ஏழாம் எண் தட்டைப் பிள்ளைகளிடம் நீட்டி ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னாள்.

"இதக் கண்ணால பாத்தாப் பத்தாது. நான் சொல்றேன், அப்பறம் நீங்க" என்று தன் காயைக் கடித்தாள். மென்றாள். முழுங்கினாள். முகம் மாறியது. அடுத்த கணம் வரிசை வரிசையாக ஓடி, "கீழ போடுங்க, ஆரும் வாயில வைக்காதீக" என்று ஒவ்வொரு கையாகத் தட்டிவிட்டாள். எல்லார் வாயையும் திறந்து பார்த்த பிறகுதான் தன் தொண்டையில் விரலை விட்டாள்.

இருபத்திரண்டு பேர் கையில் காய் இருந்ததே, அதை யோசிக்கவில்லையா என்கிறீர்கள். தட்டில் இருபத்தைந்து காய் எண்ணி வைத்தவனே நான்தானே.

அவள் காயை எடுத்தபோது எனக்கும் அவளுக்கும் நடுவே நான்கு வரிசைதான். எழுந்திருக்கலாம். மதிப்பிட வந்தவர் வகுப்பில் குறுக்கிடக் கூடாது என்பது விதி. என் சோதனையும் விதி பற்றியதுதான், எதையும் வாயில் வைக்கக் கூடாது என்ற விதியை அவள் மதிக்கிறாளா என்பது. மதித்திருந்தால் இன்று உயிரோடு இருப்பாள். வகுப்பு நாற்பது நிமிடத்தில் நின்றுபோனதால் படிவத்தில் 'முழுமை பெறவில்லை' என்று எழுதினேன். அது உண்மை.

மதுரை ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் இறந்தாள். காரியம் முடிந்து வேலுச்சாமி என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. "அய்யா, எம்மக பாடத்தத் தப்பா ஒண்ணும் சொல்லிப்புடலையே?" என்றார். இதை என்னிடம் கேட்கத்தான் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறார். கதவைச் சாத்திக்கொண்டேன். மறுநாள் மொக்கச்சாமி உங்களிடம் வந்து, அலமாரியைத் திறந்தது யார் என்று சொல்லிவிட்டான். அவனுக்கு ஆய்வுக்கூடச் சம்பளம் கொடுத்து வளர்த்தது இந்தத் துறை.

ஆக, செய்தது நான். தெரிந்தே செய்தேன். கொடுங்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். எழுத்துப் பிழை நிறைய இருக்கிறது, அது போகட்டும். ஆனால் முதல் பக்கத்தில் உங்கள் ஏட்டு, இறந்தவர் பெயரை 'டாக்டர் முத்துப்பேச்சி' என்று எழுதியிருக்கிறார். லயத்து ஆட்கள் சொல்லியிருப்பார்கள், இவரும் எழுதிவிட்டார். அவள் வகுப்பில் இன்னும் இரண்டு மணி நேரம் இருபது நிமிடம் பாக்கி இருக்கிறது, இன்ஸ்பெக்டர். அந்த 'டாக்டரை' அடித்துவிட்டுக் கொடுங்கள், போடுகிறேன்.