சற்று நேரத்தில் வந்துசேரும்

தேநீர் வேண்டாம் மேடம், கொஞ்சம் வெந்நீர் கிடைத்தால் போதும். குரலை வைத்துப் பிழைக்கிறவன் நான். குளிர்ந்த தண்ணீர், ஐஸ்கிரீம், அநாவசியக் கூச்சல் எதையும் கிட்டே சேர்ப்பதில்லை. கல்யாணமான புதிதில் என் மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நாங்கள் சண்டை போட்டால் அவள் மட்டும்தான் கத்த வேண்டியிருக்குமாம்.

பேருந்து நிலையத்தில் நான் அறிவிப்பாளன். பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து வருகிற குரல் என்னுடையது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். வேலையில் சேர்ந்த புதிதில் நான் பெரிய உண்மை விளம்பி. ஒருநாள் ஒரு வண்டி வழியில் பழுதாகி நின்றுவிட்டது. வர மூன்று மணி நேரமாகும் என்று உள்ளதை உள்ளபடி அறிவித்துவிட்டேன். கூட்டம் கூண்டைச் சூழ்ந்துகொண்டது. ஒருவர் செருப்பையே கழற்றிவிட்டார். மேலாளர் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கி, வண்டி இன்னும் சற்று நேரத்தில் வந்துசேரும் என்று சொன்னார். அவ்வளவுதான், செருப்பு காலுக்குத் திரும்பியது. எல்லோரும் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து கதை பேச ஆரம்பித்தார்கள். அதையே அவ்வப்போது திருப்பிச் சொல்லி அந்த மூன்று மணி நேரத்தையும் ஓட்டிவிட்டார். கடைசியில் வண்டியும் வந்தது, யாருக்கும் ஒரு குறையுமில்லை. அன்றைக்குக் கற்றுக்கொண்டதுதான் என் தொழில்.

என் மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே இரண்டு முறை குழந்தை தங்கவில்லை. இது மூன்றாவது. நான்தான் இதற்குக் கடைசிப் பேருந்து என்று பெயர் வைத்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரத்த அழுத்தம் அதிகமாக இருக்கிறது, நிற்கக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதும் இஸ்திரி வேலை போயிற்று. அதே சமயத்தில் நிலையத்தில் பதிவுசெய்த குரல் ஒன்றை வாங்கிப் போட்டார்கள். எனக்குப் பாதி நாள் வேலை, பாதிச் சம்பளம். அந்தக் குரலுக்குத் தொண்டை கட்டாதாம், வேறென்ன சொல்ல.

வீட்டிலேயே ஒரு கருவி வாங்கி வைத்துக் காலையும் மாலையும் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும், மேல் எண் நூற்றைம்பதைத் தாண்டினால் ஓடிவந்துவிட வேண்டும், அப்புறம் பிரசவம் வரை ஆஸ்பத்திரியில்தான் என்றார் டாக்டரம்மா. அங்கே தங்க எவ்வளவு ஆகும் என்று கீழே விசாரித்தபோது என் பாதிச் சம்பளத்துக்கு எட்டாத தொகையைச் சொன்னார்கள். மகளைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருந்த அத்தை, அதாவது என் மாமியார், தன் இரண்டு வளையல்களையும் கழற்றிச் சர்க்கரை டப்பாவில் போட்டு வைத்தார்.

"ஆஸ்பத்திரின்னு ஆயிட்டா யோசிக்காதீங்க மாப்பிள்ளை. எடுத்து வித்துடுங்க."

ஆக, பணம் ஒரு தடையே இல்லை. இதை உங்கள் விசாரணை அறிக்கையில் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கஞ்சத்தனத்தால் செய்தேன் என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

முதலில் நான் உண்மையைத்தான் சொன்னேன். ஒருநாள் காலையில் நூற்றுநாற்பத்துநான்கு. சொன்னதும் வீடு தலைகீழாகிவிட்டது. அம்மாவிடம் இருப்பதே அந்த வளையல்கள்தான், அதையும் விற்று வயிற்றில் போட்டுக்கொள்ளவா என்று அவள் அழுதாள். அத்தையும் அழுதார். அடுப்பில் வைத்தது அடிப்பிடித்தது. சாயங்காலம் பார்த்தால் எண் இன்னும் ஏறியிருந்தது. யோசித்துப் பாருங்கள், அவளுக்கு அழுத்தத்தை ஏற்றியது எது? நான் சொன்ன உண்மைதானே.

மறுநாள் காலை திரையில் நூற்றைம்பத்திரண்டு. நான் கருவியை என் பக்கம் திருப்பிக்கொண்டு நூற்றிருபத்திரண்டு என்றேன். அவள் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாயெல்லாம் பல். இரண்டு தட்டு சாப்பிட்டாள். அன்று மாலை எண் நிஜமாகவே கொஞ்சம் இறங்கியிருந்தது, நம்பினால் நம்புங்கள்.

அதன் பிறகு எங்கள் வீட்டுக் காலைகள் திருவிழாதான். கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொள்வேன். பயணிகளின் கனிவான கவனத்திற்கு, நூற்றிருபதுக்கு எண்பது வண்டி சரியான நேரத்தில் வந்துகொண்டிருக்கிறது என்பேன். அத்தை கை தட்டுவார். கீழ் வீட்டு வேன்காரர் கீழிருந்தே விசில் அடிப்பார். ஒருநாள் வளையல்களைச் சர்க்கரை டப்பாவிலிருந்து எடுத்து நானே அத்தை கையில் போட்டுவிட்டேன். சர்க்கரை ஒட்டிக்கொண்டிருந்தது. உங்களை மாதிரி மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று கண் கலங்கினார். எனக்கும் மனசு நிறைந்துவிட்டது. கூண்டுக்குள்ளே என் குரலைப் பிடுங்கிக்கொண்டாலும் வீட்டில் அதற்கு ஒரு வேலை இருந்தது.

பரிசோதனைக்குப் போனால் அங்கேயும் அழுத்தம் பார்ப்பார்கள். அதனால் டாக்டரம்மா விடுப்பில் இருக்கிறார் என்று அறிவித்தேன். அடுத்த முறையும் அதையே அறிவித்தேன். அவர் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர் என்று உங்களிடம் கோபமாகச் சொன்னாராமே. உண்மைதான், நல்ல உழைப்பாளி. அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை.

அவளுக்குக் கால் வீங்கியபோது பந்து விளையாடலாம் என்று கேலி செய்தேன். முகம் உப்பியபோது அழகு கூடிவிட்டது என்றேன். கண் முன்னால் பூச்சி பறக்கிறது என்றபோது, டிக்கெட் இல்லாமல் ஏறிய பூச்சி, இறக்கிவிட்டுவிடலாம் என்றேன். எல்லாவற்றுக்கும் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

நேற்று எனக்கு வேலை இல்லை. அத்தை குழந்தைக்குத் துணி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். மத்தியானம் தலை பிளக்கிறது என்றாள். கருவியைக் கட்டினேன். திரையில் வந்த எண்ணை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நூற்றெண்பத்தாறு. நூற்றிருபத்துநான்கு என்றேன். அவள் முதல் தடவையாகச் சிரிக்கவில்லை.

"ஏங்க, என்னமோ பண்ணுது. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?"

நான் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். காதில் வைத்துக்கொண்டு கொஞ்சம் பேசினேன். திரும்பி வந்து, "வண்டி சொல்லியாச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடும்" என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகும் கேட்டாள், நானும் அதையே சொன்னேன். குரல் ஒரு தடவைகூடப் பிசிறவில்லை.

நான் யாரையும் கூப்பிடவில்லை மேடம். போன் அணைந்துதான் இருந்தது. ஜன்னலுக்கு நேர் கீழே வேன்காரர் பாட்டு கேட்டுக்கொண்டே வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், நானும் ஆட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். அத்தனை நாள் சொன்னதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது. பலவீனம் என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுக்கு வலிப்பு வந்தபோது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சற்று நேரத்தில் சரியாகிவிடும் என்று அப்போதும் சொன்னேன், கேட்க அவளுக்கு நினைவில்லை. அத்தை உள்ளே வந்து பார்த்துவிட்டு ஜன்னலிலிருந்து கீழே ஒரே ஒரு குரல்தான் கொடுத்தார். வேன் வந்துவிட்டது.

குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண். கண்ணாடிப் பெட்டிக்குள் கையைக் காலை ஆட்டிக்கொண்டு கிடக்கிறாள். அம்மா பிழைக்கவில்லை என்று காலையில் டாக்டரம்மா சொன்னபோது நான் மட்டும்தான் இருந்தேன். அத்தை பேத்தியைப் பார்க்கப் போயிருந்தார். திரும்பி வந்ததும் வளையல்களைக் கைக்குட்டையில் முடிந்து நீட்டினார். மகளை இன்னும் எத்தனை நாள் வைத்திருந்தாலும் சரி, கட்டிவிடுங்கள் என்றார். தேவைப்படாது அத்தை என்று மறுபடியும் நானே போட்டுவிட்டேன். அது பொய்யில்லை.

எப்போது பார்க்க விடுவார்கள் என்று கேட்டார். சொன்னேன். அதோ, கதவுக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். மகள் எழுந்ததும் கொடுக்கக் கஞ்சியை ஃபிளாஸ்கில் ஊற்றி மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பேத்தியின் மூக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் வெளியே போகும்போது உங்களிடமும் கேட்பார். நான் சொன்னதையே சொல்லிவிடுங்கள் மேடம். எவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள்.