அமலோற்பவம் சொன்ன ‘இல்லை’

எல்லாரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. இப்ப ஒரு குட்டிக் கதை. பக்கத்துல யாராவது தூங்கினா தட்டி எழுப்புங்க... ஏன்னா இது வயித்தைப் பத்தின கதை!

கடற்கரை ஊர் ஒண்ணுல அமலோற்பவம்னு ஒரு அம்மா. மீன் ஏலம் கூறுறவங்க. அவங்க வாயைத் திறந்தா கரையில ஒருத்தன் பேச மாட்டான். அந்த அம்மாவுக்குக் கிட்னியில புற்றுநோய்... பரவிருச்சு.

டாக்டர் இம்யூனோதெரபி ஆரம்பிக்கலாம்னாரு. ரெண்டு மருந்து சேர்த்து. அது என்ன செய்யும்? நம்ம உடம்புக்குள்ள நோயை எதிர்த்துச் சண்டை போடுற படை இருக்குல்ல, அதோட கட்டை அவுத்து விடும். ‘போ, புற்றுநோயை அடி’ன்னு. நல்ல மருந்துதான். ஆனா சில பேருக்கு அந்தப் படை குடலையும் சேர்த்து அடிச்சிரும். குடல் வீங்கிப் புண்ணாயிரும்.

யாருக்கு வரும்? யாருக்கும் வரலாம். ஆனா ரெண்டு மருந்தும் சேர்ந்து போறவங்களுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. முன்னாடியே குடல்ல புண் வந்தவங்களுக்கு ஜாஸ்தி. வலி மாத்திரையை அள்ளிப் போடுறவங்களுக்கும் கவனம் வேணும்.

அதனாலதான் முதல் ஊசிக்கு முன்னாடி வடிவுன்னு ஒரு நர்ஸ் பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க.

“அம்மா, முன்னாடி எப்பவாவது குடல்ல புண்ணு, ரத்தமாப் போறது... இருந்துச்சா?”

“இல்ல சிஸ்டர்.”

“மூட்டு வலி, முதுகு வலிக்கு மாத்திரை ஏதும்?”

“சீச்சீ... இல்ல.”

ரெண்டுமே பொய்! இருபது வருஷத்துக்கு முன்னாடி குடல் புண்ணுக்கு ஒன்பது மாசம் வைத்தியம் பார்த்த அம்மா அது. முழங்கால் வலிக்குத் தினம் ஒரு மாத்திரை. ஏன் மறைச்சாங்க? வெட்கம் பாதி. மீதி பயம்... ‘சொன்னா ஊசி போட மாட்டாங்களோ?’

ரெண்டாவது ஊசி போச்சு. பத்து நாள் ஆச்சு. வயிறு பிச்சுக்கிட்டுப் போகுது... ஒரு நாளைக்கு எட்டு தடவை! அமலோற்பவம் என்ன செஞ்சாங்க? மெடிக்கல்ல ஒரு மாத்திரை வாங்கி முழுங்கிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துட்டாங்க.

வடிவு சிஸ்டர் போன் போட்டாங்க. “அம்மா, வயிறு எப்படி இருக்கு?”

“நல்லாருக்கு சிஸ்டர். ஒண்ணு ரெண்டு தடவை... அவ்வளவுதான்.”

பக்கத்துல அவங்க வீட்டுக்காரர் கஸ்பார். அதிர்ந்து பேசாத மனுசன். முப்பது வருஷத்துல அன்னைக்குத்தான் பொண்டாட்டி கையில இருந்து போனைப் புடுங்கினாரு.

“சிஸ்டர்... எட்டு தடவை. இன்னைக்கு ரத்தம் வேற.”

“ஏங்க! உங்களை யாரு கேட்டா?”

“ஏ அமலி, உனக்குக் கோவம் வந்தா வரட்டும். நீ எனக்கு வேணும்.”

அங்க என்ன பதில் வந்துச்சு தெரியுமா? “இப்பவே கிளம்பி வாங்க. நான் டாக்டர்கிட்ட சொல்லிடுறேன்.”

போனாங்க. சேர்த்துக்கிட்டாங்க. கிருமியான்னு பரிசோதிச்சாங்க... இல்லை. உள்ளே குழாய் விட்டுப் பார்த்தாங்க... பெருங்குடல் பூரா சிவந்து கிடக்கு. அப்பத்தான் அந்த அம்மா அழுதுக்கிட்டே எல்லாத்தையும் கொட்டினாங்க.

“டாக்டர், சொன்னா மருந்தை நிப்பாட்டிருவீங்கன்னு...”

டாக்டர் சிரிச்சாரு. “அம்மா, நீங்க சொல்லியிருந்தா மருந்தே இல்லைன்னு விரட்டியிருக்க மாட்டேன். எந்த மருந்து, எவ்வளவு நெருக்கமாப் பார்த்துக்கணும்னு யோசிச்சிருப்பேன். கண்ணை மூடிக்கிட்டு வண்டி ஓட்டச் சொன்னீங்களே!”

ஊசியை நிறுத்தினாங்க. அந்தப் படையை அடக்குற ஸ்டீராய்டு மருந்து கொடுத்தாங்க. நாலாம் நாள் ரத்தம் நின்னுச்சு. ரெண்டு மாசத்துல குடல் ஆறுச்சு. அப்புறம், ரெண்டுல ஒரே ஒரு மருந்தை மட்டும் பார்த்துப் பார்த்து மறுபடி ஆரம்பிச்சாங்க. இப்ப ஸ்கேன்ல கட்டி பாதியாச் சுருங்கியிருக்கு.

இதை ஏன் சொல்றேன்? இங்க இம்யூனோதெரபி எடுக்கிறவங்க இருக்கீங்க... அவங்களைக் கூட்டிட்டு வந்தவங்களும் இருக்கீங்க. நர்ஸ் கேட்கிறது உங்களை மாட்டிவிடுறதுக்கா? இல்லைங்க. உங்க குடலுக்குக் காவல் போடுறதுக்கு! பழைய நோயைச் சொல்லுங்க. போடுற மாத்திரையைக் காட்டுங்க. ஒரு நாளைக்கு வழக்கத்தை விட நாலு தடவை அதிகமா வயிறு போனா, ரத்தம் கண்டா, வலிச்சா... மெடிக்கலுக்கு ஓடாதீங்க, ஆஸ்பத்திரிக்கு போன் போடுங்க. நோயாளி வாயைத் திறக்கலையா? கூட வந்த நீங்க திறங்க! அவங்க கோவிச்சுக்குவாங்க... கோவிச்சுக்கட்டுமே. கோவிச்சுக்க ஆளு இருக்கணும்ல?